வலது கை வெளிநாட்டில் இருந்த காலம்

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. சண்முகக்கனிக்குப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்த ஜெனிபா, பிறகு சென்னைக்கு வந்து நான் இருக்கும் ஹாஸ்டலிலேயே சேர்ந்தாள். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே இதைச் சொன்னாள். அவள் எதையும் கூட்டிச் சொல்கிறவள் இல்லை. இருந்தாலும் சந்தேகம் வந்த இடங்களில் வேறொரு நாள் மறுபடி கேட்டேன். இரண்டு முறையும் ஒரே மாதிரி சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையையும் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள், அதனால் கனியின் அம்மா பேச்சியம்மாள் காலையில் தூக்குவாளியோடு ஆபீசுக்குப் போனாள், கனி மத்தியானம் கழுத்தில் அட்டையோடு ஆபீசுக்குப் போனாள், இரண்டு ஆபீசுக்கும் வித்தியாசம் தெரியாத தெருக்காரர்கள் இரண்டு பேரையும் ஒரே மாதிரி விசாரித்தார்கள். கனியின் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பாத்திரக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. அங்கே இருந்தவர்கள், வடக்கே ஒரு குளிர்நாட்டில் மலையடிவாரத்துக் கட்டடம் ஒன்றில் வரிசை வரிசையாக அடுக்கியிருந்த சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டார்கள் என்றால் போய்ப் பார்த்ததில்லை. இங்கே தட்டினால் அங்கே நடக்கும், அங்கே ஏதாவது முரண்டு பிடித்தால் இங்கே திரையில் சிவப்பு எரியும், சிவப்பு எரிந்தால் தட்டுவார்கள், தட்டினால் பச்சையாகும், பச்சையானால் டீ குடிப்பார்கள்.

மேனேஜர் ஜெயசிங் சார் புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்: "இந்த வேலைக்குப் பெருமையே என்னன்னா, நாம அங்க போகவே வேண்டாம்."

அந்த நாட்டுக்காரர்களும் அங்கே போவதில்லை. அந்தக் கட்டடத்தில் மனிதர் யாரும் கிடையாது, மனிதர் இல்லாததால் விளக்கும் கிடையாது, இருட்டிலும் பார்க்கிற கேமரா ஒன்று மட்டும் உண்டு. மற்றபடி இருட்டுக்குள், சூடாகிவிடாமல் இருக்க எந்நேரமும் ஊதிய ஏ.சி. காற்றில், இயந்திரங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. கதவைத் திறக்க ஆள் வேண்டுமென்றால் பக்கத்து நகரத்திலிருந்து வரவேண்டும், அவர் வரவேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், சொல்வதற்குக் கம்ப்யூட்டரில் டிக்கெட் என்கிற புகார்ச் சீட்டுப் போட வேண்டும், டிக்கெட்டை அவர்கள் பார்க்க வேண்டும்.

அந்தச் சர்வர்களில் ஒன்று ஒரு நகரத்துக்கு வெந்நீர் அனுப்பியது. அங்கே ஒவ்வொரு வீட்டுச் சுவரோரமும் குழாய் ஓடுமாம், ஊருக்குப் பொதுவாக ஓரிடத்தில் காய்ச்சிய தண்ணீர் அந்தக் குழாய்களில் சுற்றி வந்து வீடுகளைச் சூடாக வைத்திருக்குமாம், எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று சொல்வது அந்தச் சர்வராம். தண்ணி வரும் நாளில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிற கனிக்கு, சுவருக்குள் சும்மா சுற்றுவதற்கென்று ஒரு தண்ணீர் இருப்பதை நம்பக் கொஞ்ச காலம் பிடித்தது.

பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு மத்தியானம் அந்தச் சர்வர் சிவந்தது. தட்டிப் பார்த்தார்கள், பதில் இல்லை. கேமராவைத் திருப்பிப் பார்த்தால், பின்னால் கரண்டு வயர் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. வயரைப் பிடித்து நிறுத்துகிற சின்ன கிளிப் உடைந்து போயிருந்தது. டிக்கெட் போட்டார்கள். வெந்நீர் போக வேண்டிய அந்த நகரத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஜெயசிங் சார் இரண்டு போன்களிலும் மாறி மாறி "யெஸ், யெஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு விரல் வைத்து அழுத்தினால் தீர்ந்து போகிற காரியம் என்று எல்லாருக்கும் தெரிந்தது, கனிக்கும் தெரிந்தது, அந்த எரிச்சலில் அவள் திரையில் தெரிந்த வயரை நோக்கிக் கையை நீட்டினாள், கை உள்ளே போனது.

முழங்கை வரை போனது, பிறகு தோள் வரை போனது, வயர் விரலில் பட்டது, அழுத்தினாள். பச்சை.

"ஏ பிள்ள, கை எங்க?" என்றாள் ஜெனிபா.

"உள்ள."

"எப்படி இருக்கு?"

"குளிருது. யாரோ ஐஸ் காத்த ஊதுற மாதிரி இருக்கு."

கையை எடுத்தாள், சிவப்பு. வைத்தாள், பச்சை. ஜெயசிங் சார் வந்து கொஞ்ச நேரம் கனியைப் பார்க்காமல் திரையையே பார்த்தார். "எடுக்காதம்மா. ஸ்பேர் கிளிப் வர்ற வரைக்கும் அப்படியே பிடிச்சுக்கோ. டெம்பரரிதான்" என்றார்.

டெம்பரரி என்று வைத்த எதையும் பிறகு யாரும் எடுப்பதில்லை என்பது இந்தத் தொழிலில் பழகியவர்களுக்குத் தெரியும். கனி வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பிடித்துக்கொண்டாள். ஷிப்ட் முடிந்து, வேன் கீழே ஹாரன் அடித்து, எல்லாரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அவளும் பழக்கத்தில் எழுந்தாள். கனி வந்தாள், கை வரவில்லை. ரத்தம் இல்லை, வலி இல்லை, சுடிதாரின் வலது கை வெறுமனே தொங்கியது. திரையைத் தொட்டுப் பார்த்தார்கள், கண்ணாடியாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூரத்து இருட்டில் கனியின் கை வயரைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"பச்சைதானே?" என்று கேட்டார் ஜெயசிங் சார்.

"பச்சைதான் சார்."

"அப்ப வேன்ல ஏறுங்க."

மறுநாள் வாசலில் விரல் வைக்கிற வருகைப் பெட்டி கனியை உள்ளே விடவில்லை, அவள் பதிந்து வைத்திருந்தது வலது கட்டை விரல். ஹெச்.ஆர். பார்த்த விண்ணரசி மேடம் நல்லவர், யாரையும் அலைய விடாதவர். அவர் யோசித்து, கையை வெளிநாட்டு டெபுடேஷன் என்றும் உடம்பை உள்ளூர் ஊழியர் என்றும் பிரித்துப் போட்டார். அதில் கனிக்கு ஒரு வசதியும் வந்தது, கை எந்நேரமும் டூட்டியில் இருந்ததால் அவள் எப்போது லீவு கேட்டாலும் கிடைத்தது. ஆனால் லீவில் இருக்கும்போதும் தோளில் அந்தக் குளிர் ஏறிக்கொண்டே இருந்தது. மாசி மாதம் சிறந்த ஊழியர் விருதைக் கைக்குக் கொடுத்தார்கள். கேடயத்தைக் கனி இடது கையால் வாங்கிக்கொண்டாள். போட்டோவில் நிற்கும்போது, சுடிதாரின் வெறும் கை தெரிகிற பக்கமாகத் திரும்பி நிற்கச் சொன்னார்கள்.

ஊர் எடுத்துக்கொண்ட விதம் இதைவிடச் சுலபமாக இருந்தது. டெய்லர் அவள் அளவுத் துணியை வாங்கிவைத்துக்கொண்டு, "வலது கைக்குத் துணிய மிச்சம் பிடிக்கவா, இல்ல திரும்பி வரும்போது தேவைப்படுமா?" என்று மட்டும் கேட்டார். சாத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் தயங்கினார்கள், விவரம் தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "பொண்ணு இங்க இருக்கு, கை ஃபாரின்ல இருக்கு. பாதி செட்டில் ஆன மாதிரிதான்" என்றார் மாப்பிள்ளையின் மாமா. கை போயிருந்தால் ஆளும் போக வழி இருக்கும் என்பது அவர் கணக்கு. பேச்சியம்மாள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "கையோட வரட்டும், அப்புறம் பேசலாம்" என்று அவர்களை அனுப்பிவைத்தாள். பஜாரில் டைப் ரைட்டிங் சொல்லிக்கொடுத்த இடத்தில் ஒரு பயிற்சி மையம் திறந்தார்கள். அதில் சேர்ந்த பட்டதாரிகள் பழைய மானிட்டர்களின் மேல் வலது உள்ளங்கையை வைத்து மணிக்கணக்கில் அழுத்தினார்கள், சிலருக்கு விரல் நுனி உள்ளே போனதாகப் பேச்சு வந்தது, விசாரித்தால் கண்ணாடி கீறியிருந்தது.

வெயில் ஏற ஏற, கனியின் வெறும் சுடிதார்க் கைக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வர ஆரம்பித்தது. பங்குனியில் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து சீட்டுக்குப் போட்டி வந்தது, சித்திரையில் கண்டக்டர் அந்தச் சீட்டைக் கர்ப்பிணிகளுக்கும் குழந்தை வைத்திருக்கிறவர்களுக்கும் என்று தீர்மானித்தார். அக்னி நட்சத்திரத்தில் குழாயடியில் குடத்தோடு காத்திருந்த பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள், முந்தானையால் விசிறுவதை நிறுத்தினார்கள், கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காற்றை வாங்கினார்கள், வாங்கிக்கொண்டே அந்தக் குளிர்நாட்டுக்காரர்களுக்காக இரக்கப்பட்டார்கள்.

"இம்புட்டுக் குளிரா? பாவம், பச்சப் பிள்ளைக என்ன பாடுபடும்."

"சுடுதண்ணி நின்னா வெறச்சுப் போயிரும்ல."

"ஏ கனி, கஷ்டத்தோட கஷ்டமாப் பிடிச்சுக்கோம்மா. விட்டுறாத."

ஆபீசிலும் அதுதான் அளவுகோல். ஜெயசிங் சார் மத்தியானம் வந்ததும் கனியின் சட்டைக் கைக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அங்க இன்னும் நல்ல குளிர்" என்று சொல்லிவிட்டுத்தான் தன் அறைக்குப் போவார். கை குளிர்ந்துகொண்டிருந்தது, அதனால் அந்த நாடு குளிர்ந்துகொண்டிருந்தது. போய்ப் பார்த்தவர் யாரும் இல்லாததால் இதை மறுக்கவும் யாரும் இல்லை.

ஆனால் தண்ணி பிடித்து முடிந்ததும் மற்றவர்கள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் போனார்கள், கனியால் ஒரு குடம்தான் கொண்டுபோக முடிந்தது. தலையைப் பேச்சியம்மாள்தான் பின்னிவிட வேண்டியிருந்தது. வைகாசியில் சித்தப்பா வீட்டுக் காதுகுத்து வந்தது. பந்தியில் உட்கார்ந்து கனி இடது கையால் கறிச்சோற்றை எடுத்தபோது, பரிமாறிக்கொண்டு வந்தவர் ஒரு நொடி நின்று, அவள் இலையைத் தாண்டிப் போனார். பக்கத்தில் இருந்த பெரியவர் தன் இலையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். கை வெளிநாட்டில் இருப்பது அவர்கள் எல்லாருக்கும் தெரியும், அதைப் பற்றி ஊர் ஊராகப் பெருமை பேசுகிறவர்களும் அவர்கள்தான், பந்தி வேறு. பேச்சியம்மாள் எழுந்து வந்து, இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். கனி வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, "எனக்கு என் கை வேணும்மா" என்றாள். "வேற ஒண்ணும் வேண்டாம். சோத்தப் பிசைஞ்சு சாப்பிடணும்."

அன்றிலிருந்து தினமும் கேட்டாள்.

"சார், ஸ்பேர் வந்துருச்சா?"

"டிக்கெட் போட்டிருக்கும்மா."

"என்ன சொல்றாங்க?"

"பதில் சொல்லலைன்னு டிக்கெட்ட அவங்களே மூடிட்டாங்க. நான் திருப்பித் திறந்துருக்கேன்."

"யாரு பதில் சொல்லலை?"

"நாமதான். அவங்க கேட்டது அவங்க லீவு நாள்ல, நாம பார்த்தது நம்ம லீவு நாள்ல."

ஆனி மாதத்தில் வெந்நீர்க் கம்பெனியிடமிருந்து பதில்கள் குறைந்தன, பிறகு நின்றே போயின. முன்னெல்லாம் சின்னத் தடங்கலுக்கும் மூன்று பேர் கூப்பிடுவார்கள், இப்போது யாரும் கூப்பிடவில்லை. ஜெயசிங் சார் அதைத் திருப்தி என்று எடுத்துக்கொண்டு, மாதாந்தரக் கூட்டத்தில் எல்லாரையும் கை தட்டச் சொன்னார். கனி மேஜையைத் தட்டினாள்.

ஆடிக் காற்று மண்ணை வாரிக்கொண்டு அடித்த ஒரு நாளில் ஸ்பேர் வந்தது. பாத்திரக் கடைக்கு மேலே வந்தது. டிக்கெட் போட்டவரின் முகவரிக்கு அனுப்புவதுதான் அவர்கள் வழக்கமாம்; இயந்திரம் ஓரிடத்திலும் அதைப் பார்த்துக்கொள்கிறவர் பூமியின் வேறொரு மூலையிலும் இருப்பதற்கு அவர்கள் படிவத்தில் இடம் இல்லையாம். பெரிய அட்டைப்பெட்டி, அதற்குள் சின்ன அட்டைப்பெட்டி, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கிளிப்.

"இத அங்க அனுப்பி, ஆள் விட்டு மாட்டச் சொல்லுங்க சார்" என்றாள் கனி.

"கஸ்டம்ஸ்ல கெடக்கும்மா. அதுக்கு ஒரு டிக்கெட், ஆளுக்கு ஒரு டிக்கெட். நீதான் இருக்கியே. இன்னொரு கைய விட்டு மாட்டிரு."

"அதுவும் வரலைன்னா?"

"வராம எங்க போகும்?"

விண்ணரசி மேடம் அவள் தோளைத் தொட்டார். "வரலைன்னாலும் நீ கவலைப்படாத கனி. அதே பில்டிங்ல ஒரு மீன் கம்பெனி சர்வரும் இருக்கு, அவங்களும் கை கேட்டிருக்காங்க. இடது கைக்கு டெபுடேஷன் நான் ரெடியா வெச்சுட்டேன். ரெண்டு கையும் ஃபாரின், யாருக்குக் கிடைக்கும்?" அவர் அதை அன்பாகத்தான் சொன்னார் என்று ஜெனிபா இரண்டு முறையும் சொன்னாள்.

கனி அன்று ஒன்றும் செய்யவில்லை. கிளிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய், வீட்டுக் கதவின் தாழ்ப்பாளிலும் மிக்ஸி வயரிலும் வைத்து இடது கையால் மாட்டி மாட்டிப் பழகினாள். மறுநாள் பேச்சியம்மாள் தீப்பெட்டி ஆபீசில் அரை நாள் சொல்லிவிட்டு மகளோடு வந்தாள். வாசலில் அவளுக்குப் பார்வையாளர் அட்டை மாட்டினார்கள். வாடிக்கையாளரின் திரையை வெளியாள் பார்க்கக் கூடாது என்பது விதி, அதனால் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதாக அவள் ஒத்துக்கொண்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டே தடவித் தடவி வந்து மகளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பேச்சியம்மாளின் இடுப்பை ஜெனிபா பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் ஜெயசிங் சார்.

"உங்களுக்குக் கைதான போச்சு சார்" என்றாள் பேச்சியம்மாள் கண்ணைத் திறக்காமல். "எனக்குப் பிள்ளையே உள்ள போயிட்டா?"

கனி கிளிப்பை விரல்களில் இடுக்கிக்கொண்டு இடது கையைத் திரையில் வைத்தாள். கண்ணாடி இளகி வழிவிட்டது, கை தோள் வரை போனது. இரும்பு பட்டது, வயர்கள் பட்டன, பிறகு ஒரு கை பட்டது.

"யாரோ கை இருக்கு" என்றாள்.

"யாரு கை?" என்றாள் ஜெனிபா.

கனி அதைத் தடவிப் பார்த்தாள். "என்னோடதுதான். ஆனா தெரியாத ஆள் மாதிரி இருக்கு."

நகம் நீளமாக வளர்ந்திருந்ததாம். கைக்கு விருது கொடுத்தவர்களில் யாருக்கும் நகம் வளரும் என்று தோன்றவில்லை. கனி வயரைத் தடவி, கிளிப்பை இறக்கினாள், அது மாட்டிக்கொண்ட சத்தம் அவளுக்குப் பல்லில் கேட்டது. ஜெயசிங் சார் திரையைப் பார்த்தார். பச்சை. இனி யாரும் பிடிக்க வேண்டியதில்லை. கனி வலது கையிடம் விடு என்றாள். நாம் நம் கையிடம் எப்படிச் சொல்வோமோ அப்படித்தான் சொன்னாள், மனசுக்குள். அது விடவில்லை. ஒரு விரலைப் பிரித்தாள், அடுத்த விரலுக்குப் போவதற்குள் முதல் விரல் திரும்பிப் போய் வயரைப் பிடித்தது. மறுபடி பிரித்தாள், மறுபடி பிடித்தது. அது அத்தனை மாதமும் ஒரே ஒரு உத்தரவைத்தான் கேட்டிருந்தது, பிடித்துக்கொள் என்ற உத்தரவை, அதற்கு மேல் யாரும் அதனிடம் எதுவும் பேசவில்லை.

"நல்ல கை" என்றார் ஜெயசிங் சார். "இல்லம்மா, நான் என்ன நினைக்கேன்னா, ஒரு சேஃப்டிக்கு, ரெண்டும் ரெண்டு நாள் அங்கயே இருக்கட்டுமே. டெம்பரரியா."

பேச்சியம்மாளின் பிடி இறுகியது. இடது கையும் குளிரில் மரத்துக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அதுவும் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும் என்று கனிக்குத் தெரிந்தது. பிரிப்பதை நிறுத்தினாள். தன் சுண்டு விரலை வலது கையின் மூடிய பிடிக்குள், வயருக்குப் பக்கத்தில், மெல்ல நுழைத்தாள். பிடிக்கத்தானே தெரியும், இதைப் பிடி. அது முதலில் அசையவில்லை. பிறகு வயரை விட்டு ஒரு விரல் நகர்ந்தது, சுண்டு விரலைச் சுற்றிக்கொண்டது. பிறகு இன்னொரு விரல். அடுத்தடுத்த விரல்களையும் கொடுத்தாள், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. ரோட்டைக் கடக்கும்போது குழந்தை பிடிக்குமே, அந்த மாதிரி முழுக் கையையும் பிடித்துக்கொண்டது. இப்போது அந்த நாட்டுக்குச் சொந்தமான எதையும் அந்த இரண்டு கைகளும் பிடித்திருக்கவில்லை.

"இழும்மா" என்றாள் கனி.

மூன்று பேரும் நாற்காலியோடு பின்னால் விழுந்தார்கள். எழுந்து பார்த்தபோது வலது கை கனியின் தோளில் இருந்தது, வெளுத்து, ஐஸ் கட்டி மாதிரி, இடது கையை விடாமல் பிடித்துக்கொண்டு. பேச்சியம்மாள் அப்போதும் கண்ணை மூடியிருந்தாள். "தொறக்கலாமா சார்?" என்று கேட்டாள்.

"பச்சைதான்" என்றார் அவர், வேறு யாரிடமோ போல.

கனி அந்த வாரமே வேலையை விட்டாள். உடம்பு முன்கூட்டியே சொல்லிவிட்டது, கை சொல்லாமல் டெபுடேஷனை விட்டு வந்துவிட்டது என்று ஒரு சிக்கல் வந்தது. விண்ணரசி மேடம் அதையும் சரிசெய்து, கைக்கு மட்டும் தனியாக வெளிநாட்டு அனுபவச் சான்றிதழ் கொடுத்தார். வீட்டில் முதல் நாள் கனி வலது கையால் ரசச் சோற்றைப் பிசைந்து வாய் வரை கொண்டுபோனாள். கை உருண்டையைப் பிடித்துக்கொண்டது, விடவில்லை. அவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பேச்சியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஊட்டப் போகவில்லை. ஆவணி பிறந்த பிறகுதான் கை கொஞ்சம் கொஞ்சமாக விடப் பழகியதாம்.

ஜெனிபா சொன்னது இவ்வளவுதான். எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. கையை இழுத்த அந்த நேரத்தில் வயர் கொஞ்சம் அசைந்திருந்தாலும் அங்கே யார் வீடாவது குளிர்ந்து போயிருக்குமே, கைக்குழந்தை இருக்கிற வீடாக இருந்தால் என்ன ஆகியிருக்கும். நகரத்தின் பெயரை அவளிடம் கேட்டு, அந்த வெந்நீர்க் கம்பெனியின் இணையப் பக்கத்தைத் தேடி, மொழிபெயர்ப்பில் போட்டுப் படித்தேன், தப்பாகப் படித்துவிடக் கூடாதே என்று இரண்டு மொழிபெயர்ப்புகளில் பார்த்தேன். தடங்கல் எதுவும் பதிவாகவில்லை. அந்த நகரத்தில் மே மாதம் பிறந்ததும் வீடுகளுக்கு வெந்நீர் அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள், செப்டம்பர் கடைசியில்தான் மறுபடி திறப்பார்கள், ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். ஜூலை மாதத்துப் பக்கத்தில் பிள்ளைகள் சட்டையில்லாமல் ஏரியில் குதிக்கிற படம் ஒன்று இருந்தது. கோடை முழுவதும் எங்கள் கருவிகளுக்கும் ஊழியர்களுக்கும் ஓய்வு என்று அதன் கீழே எழுதியிருந்தது.